சிஞ்ஞோராவைக் கூப்பிட வேண்டாம்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டது போலாகிவிடும். அப்படி ஒருமுறை கூப்பிட்டு நான் செய்த வேலை போதும். பலெர்மோவில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் சொன்னார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். நானும் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டுவிட்டால் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் இதைக் கண்டிப்பாகப் பார்த்தவர்கள்கூட இத்தாலிக்கு வந்து ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள். பஸ் காத்து நிற்காது. வேலை வீட்டுச் சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நிற்பாள். அக்கா மட்டும் விடவில்லை. அவருடைய தோள்பையில் ஒரு சின்ன நீலப் போத்தலில் எப்போதும் தண்ணீர் இருக்கும். யாராவது பின்னால் கூப்பிட்டால் எங்கே நின்றாலும் திரும்புவார், இருக்க ஓர் இடம் தேடுவார், மூடியைத் திறப்பார், மூன்று மிடறு குடிப்பார், மூடியை இறுக்கிப் பூட்டுவார். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டவரைப் பார்த்து, "இனிச் சொல்லு பிள்ளை" என்பார்.

நான் அவரை முதலில் கண்டது பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவின் வாசலில். பலெர்மோவுக்கு வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. கைரேகை வைக்கப் போன எனக்கு எது வாசல், எது வரிசை என்று ஒன்றும் விளங்கவில்லை. முன்னால் நின்ற அக்கா தன் வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க வந்திருந்தார். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு படி ஏறிவிட்டார். எனக்கோ பிறந்ததிலிருந்து வாய்க்குப் பூட்டு இல்லை.

"அக்கா, எங்கை போறியள்?"

அக்கா இறங்கி வந்தார். தெருவோரக் கல்லில் இருந்தார். போத்தலைத் திறந்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரன் இரண்டு தரம் இலக்கத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அக்காவுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஐந்து கிழமை தள்ளி இன்னொரு நாள் எழுதிய ஒரு துண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏனக்கா திரும்பினீங்கள்? உள்ளுக்கை போயிருக்கலாமே?"

"நீ கேட்டனியெல்லே? கேட்ட பிள்ளைக்கு மறுமொழி சொல்லாமல் போறதே? கைரேகை வைக்கப் போனனான். இப்ப போகேல்லை. சரிதானே?" என்று சொல்லிவிட்டு, என்னுடைய வரிசை எது என்று காட்டி, என் முறை வரும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்றிலிருந்து நான் அவரை விடவில்லை.

அவர் மன்னார்ப் பக்கத்தவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஒருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பாதிரியார் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டார். அக்கா திரும்பி வந்து கடைசி வாங்குப் பலகையில் அமர்ந்து போத்தலைத் திறந்தார். பாதிரியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இதென்ன மூடநம்பிக்கை? உங்களுக்கு மாதாவிலை நம்பிக்கை இல்லையே?"

"நான் சகுனம் பாக்கிறேல்லை சுவாமி. தண்ணி விடாய்" என்றார் அக்கா.

வேலை வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, இருந்து இருந்து நடக்கும்படி டாக்டர் சொன்னதாகச் சொல்லி வைத்திருந்தார். என்னிடம், கூப்பிட்ட ஆளைக் காய விடக்கூடாது என்றார். இன்னொரு நாள், மூட்டு வலி என்றார். எது உண்மை என்று நானும் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வரும். கடைசியில் கேட்பதை விட்டுவிட்டேன்.

கபோ சந்தைக்கு அவரோடு போவதென்றால் அரைநாள் லீவு எடுக்க வேண்டும். அங்கே வியாபாரிகளுக்கு நம் முதுகைக் கண்டால்தான் குரலே வரும். தக்காளிக்காரன் "சிஞ்ஞோரா!" என்பான், அக்கா திரும்புவார். ஒலிவ்காரன் கூப்பிடுவான்; திரும்புவார். ஒரு மீன்காரன் இதைக் கண்டுபிடித்து, கூட்டாளிகளுக்கு வேடிக்கை காட்டவென்றே அவரைக் கூப்பிடுவான். அவர் இருக்க ஒரு மீன்பெட்டியையும் கவிழ்த்து வைத்திருப்பான். அக்கா கோபிக்கவில்லை. பெட்டியில் இருந்து, தண்ணீர் குடித்து, ஆறுதலாக அவனுடைய மீன்களின் செவுளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். வாங்க வந்தவர்களுக்குக் கேட்கும்படி, "இது நேற்றையது, இது முந்தநாளையது" என்று இத்தாலியனில் சொல்லுவார். இரண்டு கிழமையில் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

இனி அந்தப் பந்து விசயத்துக்கு வருகிறேன்.

பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் மாடிக் குடியிருப்புகளுக்கும் கராஜ்களுக்கும் நடுவே ஒன்பது கட்டைப் பந்து விளையாட்டுக்கு ஒரு மண்டபம் இருந்தது. கடைத் தொகுதிகளில் பிள்ளைகள் விளையாடும் பத்துக் கட்டை பௌலிங் வேறு. இதில் பந்து ஒரு பெரிய தேங்காயளவுதான்; விரல் விடத் துளை கிடையாது. ஒன்பது கட்டைகளும் தலையில் நூல் கட்டி நிற்கும்; விழுந்தால் மெஷின் நூலை இழுத்துத் திரும்ப நிறுத்தும். மண்டபத்தைத் தொடக்கியவர் வடக்கே ஆஸ்திரிய எல்லைப் பக்கத்தில் பிறந்து, ரயில்வே வேலைக்காகப் பலெர்மோ வந்து, இங்கேயே கலியாணம் செய்து தங்கிவிட்ட ஒரு கிழவர். மண்டபத்து விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் என்பதால் எல்லோரும் அவரை பிரெசிதெந்தே என்றே கூப்பிட்டார்கள். அக்கா காலையில் அந்த மண்டபத்தைத் துடைப்பார். பதினொரு மணிக்குப் பஸ் எடுத்துச் சிஞ்ஞோரா வீட்டுக்குப் போவார்.

பந்து உருளும் நாலு தடங்களையும் துடைத்த பிறகு ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். குனிந்து தடவிப் பார்க்க இடுப்பு விடாது. ஆகவே அக்கா ஒரு பந்தை எடுத்து மெல்ல உருட்டி விடுவார். பந்து திரும்பி வரும்போது அதில் ஈரக்கோடு இருந்தால் இன்னொரு தரம் துடைப்பார். சத்தம் கேட்டால் விளையாடுவதாக நினைப்பார்களே என்று பயந்து, அடுப்பிலிருந்து கொதிக்கிற சட்டியை இறக்கி வைப்பதுபோல அவ்வளவு பதமாகப் பந்தை நிலத்தில் வைப்பார். அப்படி வைத்த பந்து நேரே போகும். ஒருநாள் பிரெசிதெந்தே கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு கட்டை, எட்டுக் கட்டை, ஒன்பது கட்டை என்று விழ விழ அவர் கோப்பியைக் குடிக்க மறந்துவிட்டார். மறுநாள் தன் மனைவியின் விளையாட்டுச் சப்பாத்தைக் கொண்டுவந்து அக்காவுக்கு முன்னால் வைத்தார்.

அக்கா சங்கத்தில் சேர்ந்தது அப்படித்தான். நன்றாகவே எறிந்தார். ஒரே ஒரு வில்லங்கம். இந்த விளையாட்டில் நேரக் கணக்கு உண்டு: ஒரு தடத்தில் முப்பது எறி, அதற்குப் பன்னிரண்டு நிமிடம். தடத்துக்கு மேலே மணிக்கூடு பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்தால் எறியாதது எறியாததுதான். பயிற்சியின்போது யாராவது வந்து, "சிஞ்ஞோரா, கைதுடைக்கும் கடதாசி எங்கே?" என்று கேட்டால் போச்சு. அக்கா பந்தை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் வந்து கதிரையில் இருந்து போத்தலைத் திறப்பார். பிரெசிதெந்தே தலையிலடித்துக்கொண்டு பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் ஒரு கார்ட்போர்ட் மட்டையில் 'சிஞ்ஞோராவைக் கூப்பிட வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதித் தடத்துக்குப் பின்னாலிருந்த கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

பிரெசிதெந்தே பல வருடங்களாக ஊரூராகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது ஒரு வசந்தகாலத்தில் கைகூடியது. தனியாட்களுக்கான ஒரு சர்வதேசப் போட்டி, எங்கள் பிரான்காச்சோ மண்டபத்தில்! ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவேனியா என்று பெண்கள் தங்கள் சொந்தச் சப்பாத்துகளோடும் பயிற்சியாளர்களோடும் வந்தார்கள். குழுப் போட்டி அல்ல. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக் கொடுக்க முடியாது. இருபத்துநான்கு பேர். முதல் நாள் ஒவ்வொருவரும் நாலு தடத்திலும் எறிய வேண்டும். கூடக் கட்டை விழுத்திய பன்னிரண்டு பேர் மட்டும் இரண்டாம் நாளுக்குப் போவார்கள். மண்டபத்துச் சங்கத்துக்கு என்று ஓர் இடம் இருந்தது. அதை பிரெசிதெந்தே அக்காவுக்குக் கொடுத்தார்.

அக்கா அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "நான் இரண்டாம் நாளும் எறிவதென்றால் அன்று காலையில் தடத்தை யார் துடைப்பது?"

"நான் துடைக்கிறேன். என் கையால்" என்றார் பிரெசிதெந்தே.

 திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சொன்னார்: "எடி பிள்ளை, இஞ்சை வந்து இருபத்திரண்டு வரியம். மற்றாக்கள் நடக்கிற நிலத்தைத்தான் துடைச்சுக்கொண்டிருக்கிறன். ஒருக்கா எண்டாலும் ஆரோ துடைச்சுவிட்ட நிலத்திலை நான் நடக்க வேணும். கப் கிப் ஒண்டும் எனக்கு வேண்டாம். ரண்டாம் நாள் காணும்."

அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

போட்டி நாளில் கோயிலிலிருந்து பத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனேன். போர்கோ வெக்கியோவிலிருந்து இரண்டு மொரிசியஸ்காரப் பெண்களும் வந்தார்கள். பஸ்ஸிலேயே எல்லோருக்கும் கட்டளை போட்டேன்: "அக்கா நிக்கிற பக்கம் பாத்து ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. கை தட்டலாம். கூப்பிடப்படாது. விளங்கிச்சுதோ?" எல்லோரும் தலையாட்டினார்கள். ஹங்கேரிக்காரர்கள் மணி அடித்தார்கள், ஜெர்மன்காரர்கள் பாட்டுப் பாடினார்கள். அந்த இரைச்சலை அக்கா பொருட்படுத்தவில்லை. அது தன்னைக் கூப்பிடுவதல்ல என்று அவருக்குத் தெரியும். நாங்கள் பதின்மூன்று பேரும் பெரிய வெள்ளி வழிபாட்டில் இருப்பதுபோல வாயை மூடிக்கொண்டு இருந்தோம். ஒரு ஜெர்மன் பயிற்சியாளர் பிரெசிதெந்தேயிடம் வந்து, இவர்கள் கன்னியாஸ்திரிகளா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா கடைசிக் கூட்டத்தில் எறிந்தார். முதல் தடத்தில் பந்து கொஞ்சம் கரைப்பக்கம் போனது. இரண்டாவதில் சரியாகிவிட்டது. மூன்றாவதில் அவர் சட்டி இறக்கி வைக்கிற அழகைப் பார்த்து ஸ்லோவேனியாப் பெண்கள்கூட எழும்பி நின்று தட்டினார்கள். நாலாவது தடத்துக்கு வந்தபோது திரையில் அவர் பதின்மூன்றாவது இடம். பன்னிரண்டாவது இடத்தில் முன்பே எறிந்து முடித்த ஒரு ஹங்கேரிப் பெண். அவள் இப்போது பின்வரிசையில் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்காவுக்கு மூன்று எறி மிச்சம். மணிக்கூட்டில் ஒரு நிமிடமும் பத்துச் செக்கனும். ஒன்பது கட்டைகளும் புதிதாக நின்றன; கடைசிப் பாதி எறிகளில் எல்லாம் விழும்வரை விழுந்ததை மெஷின் திரும்ப நிறுத்தாது. எட்டு விழுந்தால் அவளை முந்திவிடலாம். மூன்று எறியில் எட்டு என்பது அக்காவுக்கு நித்திரையிலும் முடியும்.

அப்போதுதான் அவருடைய இடது சப்பாத்து நாடா அவிழ்ந்து தொங்குவதைக் கண்டேன்.

அந்தப் பலகை எவ்வளவு வழுக்கும் என்று எனக்குத் தெரியும். சங்கத்தில் ஒருவர் அதில் விழுந்து மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தார். அக்கா பந்தை எடுத்துவிட்டார். கையால் வாயைப் பொத்தினேன். அவர் முதல் அடி வைத்தார்; வலது காலுக்குக் கீழே நாடா போனது. அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

"அக்கா!"

 அக்கா நின்றார். பந்தை இறக்கி வைத்தார். திரும்பிப் பின்னால் வந்து கதிரையில் இருந்தார். போத்தலைத் திறந்தார்.

மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. பிரெசிதெந்தே எழும்பிக் கையை உயர்த்தி வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார். அவசரப்படுத்தவும் யாராலும் முடியாது. அவசரப்படுத்தினால் அது இன்னொரு கூப்பிடல், இன்னொரு மூன்று மிடறு. நாங்கள் எல்லோரும் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடியை வழக்கம்போல இறுக்கிப் பூட்டினார். பிறகு என்னைத் தேடிப் பார்த்தார்.

"இனிச் சொல்லு பிள்ளை."

"நாடா, அக்கா, நாடா!" என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

குனிந்து பார்த்தார். நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டினார். எழும்பிப் போய்ப் பந்தை எடுத்து, கொஞ்சமும் பதறாமல், முதல் எறி எறிவதுபோலவே எறிந்தார். ஐந்து கட்டை விழுந்தது. அடுத்த பந்தை எடுக்கக் குனியும்போது மணிக்கூடு சிவப்பாகிவிட்டது. மிச்ச நாலு கட்டைகளும் நின்றபடி நின்றன.

எட்டுக்கு மூன்று குறைவு. பின்வரிசையில் இருந்த ஹங்கேரிப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், என்னுடையதில் சிரிப்பு இல்லை. "என்ரை வாயாலை கெட்டுதே அக்கா" என்று அவருடைய கையைப் பிடித்தேன்.

"விசரே உனக்கு? நீ கூப்பிட்டனி, நான் திரும்பினனான். விழுந்திருந்தா இப்ப கையிலை கட்டோடை ஆஸ்பத்திரியிலை இருந்திருப்பன்" என்றார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும். நாடாவைக் கட்ட ஐந்து செக்கன் போதும். அவரைக் கதிரையில் கொண்டுபோய் இருத்தியது என் குரல்தான். 

மறுநாள் ஞாயிறு காலை அவரோடு நானும் மண்டபத்துக்குப் போனேன், துடைக்க உதவலாமென்று. உள்ளே பிரெசிதெந்தே காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, துடைப்பத்தோடு முதல் தடத்தில் நின்றார். "நீங்கள் ஜெயித்தால்தான் துடைப்பேன் என்று நான் சொல்லவில்லையே" என்றார். அக்கா வாசலில் நின்று பார்த்தார். கிழவர் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். போன இடமெல்லாம் குளம் கட்டி நின்றது. இரண்டு நிமிடம் அக்கா பொறுத்தார். பிறகு போய் அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி, ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நேர்கோடாக இழுக்கத் தொடங்கினார். நான் அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். 

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம்தான் அவர் பலெர்மோவில் இருந்தார். அவருடைய மகள் ஜெர்மனியில் கலியாணம் செய்து, பிள்ளைப்பேற்றுக்குத் தாயைக் கூப்பிட்டுக்கொண்டாள். விமான நிலையத்துக்குப் போகும் பஸ்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு நான் போனேன். முதல்நாள் இரவே எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன்: என்ன நடந்தாலும், பெட்டியே விட்டுப்போனாலும், வாய் திறப்பதில்லை. அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "போட்டு வாறன் பிள்ளை" என்றார். பஸ் படியில் ஏறினார். இரண்டாம் படியில் நின்றார். முதுகு எனக்குத் தெரிந்தது, தோள்பையில் நீலப் போத்தலின் கழுத்துத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். டிக்கட் தேடுகிறார் என்று நினைத்து நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சாரதி ஏதோ சொன்னான். அவர் உள்ளே போனார்.

சில மாதம் கழித்து அவர் வாட்ஸப்பில் வீடியோ அழைப்பு எடுத்தார். பேரனின் படம், பனியின் படம் எல்லாம் காட்டினார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்பது கட்டைச் சங்கம் ஒன்று இருக்கிறதாம், சனிக்கிழமைகளில் எறியப் போகிறாராம். கடைசியாக, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"அண்டைக்கு பஸ் படியிலை நிண்டனானெல்லே. நீ ஏன் கூப்பிடேல்லை?"

"பயத்திலை அக்கா. அண்டைக்குக் கூப்பிட்டுத்தானே எல்லாத்தையும் கெடுத்தனான்."

"நீ கூப்பிடுவாய் எண்டு பாத்தனான். இறங்கி வந்து உன்னோடை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போகலாம் எண்டு."

 அவர் பேரனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"இஞ்சை ஒருத்தரும் பின்னாலை கூப்பிடுறேல்லை பிள்ளை. முப்பதும் எறிஞ்சு முடியேக்கை ரண்டு மூண்டு நிமிசம் மிச்சம் கிடக்கும். சும்மா போய்க் கதிரையிலை இருந்து தண்ணி குடிக்கிறன்."